பத்து எண்ணுவதற்குள்

2020ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில் மாதேஸ்வரன் மலை, தான் அறியாத ஓர் அமைதியில் கிடந்தது. கொள்ளேகாலத்திலிருந்து தாளபெட்டா வழியாக வளைந்தேறும் பேருந்துகள் நின்றுவிட்டன. மேட்டூரிலிருந்து பாலாற்றைக் கடந்து வரும் வண்டிகளும் எல்லையோடு திரும்பின. கோயில் நடை சாத்தப்பட்டிருந்தது. ஆண்டு முழுவதும் ‘உகே மாதப்பா’ என்ற கூவலில் நிறைந்திருக்கும் தெருவில் குரங்குகள் மட்டும் பூட்டிய கடைகளின் முன்னால் காத்திருந்தன.

அப்படிப் பூட்டப்பட்ட கடைகளுள் ஒன்று தேங்காய், கற்பூரம், திருநீறு விற்கும் தமிழ்க் குடும்பத்தின் கடை. அதன் பின்னறையில், விற்காத தேங்காய் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பழைய கணினி. அதன் முன்னே இருபத்தாறு வயது இளைஞன் ஒருவன் இரவு பதினொரு மணிக்கு நீள்வாளுடன் நின்றுகொண்டிருந்தான். மைசூரில் அவனுக்கிருந்த வேலை மார்ச் மாத இறுதியில் போய்விட்டது. ஊர் திரும்பியபோது அவன் கொண்டுவந்தவை இரண்டு பைகளும் அந்தக் கணினியும்தான்.

அவன் ஆடிய விளையாட்டின் பெயர் மோர்டௌ. சுலோவேனியாவில் தொடங்கிய திரிட்டெர்னியன் என்னும் சிறு குழு உருவாக்கி, 2019 ஏப்ரலில் வெளியிட்டது. பெயர் செருமன் மொழியினது. மோர்டு என்றால் கொலை, ஹௌ என்றால் வெட்டு. வாளைத் தலைகீழாகப் பிடித்து, அலகைக் கையுறைக் கைகளால் பற்றிக்கொண்டு, கைப்பிடியின் குமிழாலும் குறுக்குக் கம்பியாலும் எதிரியைச் சம்மட்டிபோல் அடிக்கும் முறைக்கு அப்பெயர். முழுக் கவசம் பூண்டவனை அலகின் கூர் ஒன்றும் செய்யாது, எடை செய்யும். ஐரோப்பிய இடைக்காலத்தின் வாட்போர்ப் பயிற்சி ஏடுகளில் இந்த அடி படமாகவே வரையப்பட்டிருக்கிறது. ஹான்ஸ் தால்ஹோஃபரின் 1467ஆம் ஆண்டு ஏடு அவற்றுள் ஒன்று. விளையாட்டிலும் ஒரு விசையை அழுத்தினால் நீள்வாள் கையில் புரண்டு சம்மட்டியாகும். ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு கைப்பிடி, தேங்காய் மூட்டைகளுக்கு நடுவே ஒரு விசைப்பலகையில் உயிரோடிருந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் வெட்டுக்குத்து. உள்ளிருப்பவனுக்கு அது ஒருவகை உரையாடல். வீச்சு, குத்து என்ற இரண்டு முதன்மை வினைகள். அவற்றை எந்தக் கோணத்திலிருந்து தொடங்குவது என்பது சுட்டியின் அசைவில் இருக்கிறது. வீச்சைத் தொடங்கிவிட்டு, கை ஓங்கிய நிலையிலேயே அதைக் கைவிடலாம். அதைப் பொய்வீச்சு எனலாம். எதிராளி பொய்யை மெய்யென்று நம்பித் தடுத்துவிட்டால் அடுத்த கணம் அவன் திறந்து கிடப்பான். தொடங்கிய வீச்சைப் பாதியில் குத்தாக மாற்றலாம். உடலைத் திருப்பி அலகு சேரும் நேரத்தைத் தாமதப்படுத்தலாம், விரைவுபடுத்தலாம். ஏனெனில் அடி விழுவது குறித்த நேரத்திலன்று; அலகு உடலைத் தொடும் நேரத்தில். எதிரி எந்தக் கோணத்தில் வீசுகிறானோ அதே கோணத்தில், சரியான கணத்தில், தானும் வீசினால் அவன் அடி இவன் அடியிலேயே அடங்கும். ஆனால் பொய்க்கு விலையுண்டு. ஒவ்வொரு பொய்வீச்சும் ஆடுபவனின் தெம்பைக் குறைக்கும். தெம்பு தீர்ந்தபின் ஓர் அடியைத் தடுத்தால் கையிலிருந்து ஆயுதம் நழுவி விழும். ஓயாமல் பொய் சொல்பவன் கடைசியில் வெறுங்கையோடு நிற்பான்.

மலையில் இதை ஆடுவதற்கு வேறொரு விலையும் இருந்தது. இணையம் அவனுடைய கைப்பேசியிலிருந்து வந்தது. சன்னலோரம், கம்பியில் கட்டிய ஒரு தகர டப்பாவுக்குள் கைப்பேசியை நிறுத்தி வைத்திருப்பான். ஆட்டம் நடந்த சேவையகம் சிங்கப்பூரில் இருந்தது. கண்ணாடியிழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். ஆகவே போய்வர எப்படிப் பார்த்தாலும் 29 மில்லிநொடி வேண்டும். அது இயற்கையின் வரி. எவராலும் தள்ளுபடி செய்ய முடியாது. அதன்மேல் கோபுரங்களும் இணைப்பிகளும் மலை மூட்டமும் தத்தம் வரியைச் சேர்த்தபோது அவனுடைய கணக்கு 160, 180 என்று நின்றது. கண்ணுக்குத் தெரிந்த ஒன்றுக்குக் கை எதிர்வினை செய்யவே மனிதருக்கு 200 மில்லிநொடிக்கு மேல் ஆகும். இரண்டையும் கூட்டினால், அவன் கண்ட வீச்சைக் கண்டபின் தடுப்பது இயலாத காரியம். எனவே அவன் வாளைப் பார்ப்பதை விட்டுவிட்டான். எதிராளியின் தோளையும் காலடியையும் தயக்கத்தையும் பார்க்கக் கற்றான். வரப்போவதைப் படிப்பது அவனுக்குத் திறமையாக வரவில்லை, வறுமையாக வந்தது.

இருவர் தனித்துப் பொரும் களங்களில் எழுதப்படாத ஒரு முறை உண்டு. ஆள் ஆளாக அலைவார்கள். எவரும் எவரையும் தொடமாட்டார்கள். ஒருவன் மற்றொருவன் எதிரே வந்து நின்று, வாளைச் சுழற்றி அழகு காட்டுவான். மற்றவனும் அவ்வாறே சுழற்றினால் போர் தொடங்கும். அந்தக் களத்தில் சீனர், கொரியர், ஆத்திரேலியர், பிலிப்பீனியர், இந்தியர் எல்லோரும் இருந்தனர். பொதுமொழி என்று எதுவும் இல்லை. அந்தச் சுழற்சிதான் மொழி.

கிரிகோரி பேட்சன் என்னும் மானிடவியலாளர் 1952இல் சான்பிரான்சிஸ்கோவின் விலங்குக்காட்சிச் சாலையில் இளங்குரங்குகள் விளையாட்டாகச் சண்டையிடுவதைக் கண்டார். அவருக்கு எழுந்த கேள்வி எளியது: இது கடியன்று, விளையாட்டு என்பதை ஒரு குரங்கு மற்றொரு குரங்குக்கு எப்படித் தெரிவிக்கிறது? விளையாட்டுக் கடி, கடியைக் குறிக்கிறது. ஆனால் கடி எதைக் குறிக்குமோ அதை அது குறிப்பதில்லை. எனவே ஒவ்வொரு விளையாட்டுக் கடிக்குள்ளும் ‘இது விளையாட்டு’ என்ற மற்றொரு செய்தி பொதிந்திருக்க வேண்டும். 1955இல் வெளிவந்த அவருடைய கட்டுரையின் சாரம் அது. வாளைச் சுழற்றுவதும் அந்தச் செய்திதான். சொல் தோன்றுவதற்கு முன்பே இருந்த ஒரு வாக்கியம் அது.

மே மாதத்தின் தொடக்கத்தில் ஓரிரவு, அந்த வாக்கியத்தை அவன் மீறினான். இணைப்பு மிகவும் தடுமாறிய இரவு. தொடர்ந்து ஒன்பது முறை தோற்றிருந்தான். எதிரே வந்த ஒருவன் வாளைச் சுழற்றத் தொடங்கினான். சுழற்றும் பொழுதில் அவன் திறந்து கிடந்தான். இளைஞனின் விரல் அழுத்தியது. ஒரே வெட்டு.

வெட்டுண்டவன் மீண்டும் எழுந்து வந்தான். பழிவாங்குவான் என்று இவன் காத்திருந்தான். அவன் வந்து, எதிரே நின்று, ஒன்றும் செய்யாமல் முதுகைக் காட்டித் திரும்பிப் போனான். அதன்பின் அந்த இரவு முழுவதும் இவன் எவர் எதிரே நின்று வாளைச் சுழற்றினாலும் மறுசுழற்சி வரவில்லை. யாரும் திட்டவில்லை, யாரும் அவனை வெளியேற்றவில்லை. அறுபது பேர் இருந்த களத்தில் அவனோடு பேச ஒருவரும் இல்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டுக் கணினியை அணைத்தான்.

கன்னடத்தில் ‘பாஷெ’ என்னும் சொல்லுக்கு மொழி என்று பொருள். கொடுத்த வாக்கு என்றும் பொருள். இரண்டும் ஒரே சொல்லாக இருப்பதன் நியாயம் அவனுக்கு அந்த இரவில்தான் விளங்கியிருக்க வேண்டும். மாதேஸ்வரனின் கதையை இரவிரவாகப் பாடும் கம்சாளேக் கலைஞர்கள், சங்கம்மாவின் பகுதிக்கு வரும்போது குரலைத் தாழ்த்துவார்கள். காட்டுக்குப் போகும் கணவன், தான் இல்லாதபோது கற்புத் தவறமாட்டேன் என்று வலக்கை வைத்துப் பாஷெ தா என்று அவளைக் கேட்கிறான். அவள் தர மறுக்கிறாள். அதற்காக அவன் செய்யும் கொடுமைகள் எல்லாவற்றையும் தாங்குகிறாள். ஒரு வாக்கைத் தருவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, தர மறுத்த ஒருத்தியின் வழியாகச் சொல்கிறது அந்தக் கதை.

அந்தக் கதையைப் பாடும் முதியவர் ஒருவர் இரண்டு வீடு தள்ளி இருந்தார். திருவிழாக்கள் இல்லை, பாட அழைப்பார் இல்லை. மாலை வேளைகளில் வெறிச்சோடிய தெருவில் தம் பேரனுக்குப் பீசு கம்சாளே பழக்குவார். கஞ்சத்தால் ஆன தாளம் என்பதே கம்சாளே. கிண்ணம்போல் குழிந்த தாளம் இடக்கையில். நீண்ட கயிற்றில் கட்டிய தட்டைத் தாளம் வலக்கையில். ‘பீசு’ என்பது தமிழின் ‘வீசு’. தமிழின் வகரம் கன்னடத்தில் பகரமாகும் பழைய விதி: ‘வேர்’ அங்கே ‘பேரு’, ‘வா’ அங்கே ‘பா’. ஆக, வீசும் கஞ்சத்தாளம். கயிற்றில் சுழலும் அந்த வெண்கலத் தட்டு ஆடுபவரின் தலையைச் சுற்றி, தோளைச் சுற்றி, எதிரே ஆடுபவரின் முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் பாய்ந்து திரும்பி, இடக்கைத் தாளத்தில் வந்து மோதி ஒலிக்கும். தாக்குவதும் தடுப்பதும் விலகுவதும் அதில் உண்டு. முகத்தில் பட்டால் எலும்பு உடையும். படுவதில்லை. இருவர் எதிரெதிரே ஒரே கோணத்தில், ஒரே கணத்தில் வீசுவதால்தான் படுவதில்லை.

திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த இளைஞனுக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. சிறுவயது முதல் கண்ட ஆட்டத்தை அன்றுதான் அவனால் படிக்க முடிந்தது. பேரன் தட்டின்மேலேயே கண்ணை வைத்திருந்தான். ஒவ்வொரு முறையும் பிந்தினான். முதியவர் கன்னடத்தில் சொன்னார்: “தாளத்தைப் பார்க்காதே. என் தோளைப் பார்.”

கடையின் பின்னறைக்கு அவனுடைய தந்தை வருவதில்லை. ஐம்பத்தைந்து வயது. வலக்கையின் மூன்று விரல்கள் மடங்கா. தேங்காயை இடக்கையால் எடுத்து, சில்லறையை இடக்கையால் கொடுத்து, அதற்காக ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சிறு மன்னிப்போடு தலையசைப்பவர்.

1993 ஏப்ரல் 9ஆம் நாள், இந்த மலையிலிருந்து இறங்கும் பாதையில், பாலாற்றுக்கு அருகே வீரப்பனின் கூட்டம் புதைத்துவைத்த கண்ணிவெடிகள் வெடித்து 22 பேர் இறந்தனர். அவன் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு அது. வீரப்பன் கொல்லப்பட்டது 2004 அக்டோபரில். இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தக் காட்டின் ஊர்கள் இரு பக்கமும் அஞ்சி வாழ்ந்தன. அரிசி கொடுத்தாயா என்று ஒரு தரப்பு கேட்கும். சொல்லிக்கொடுத்தாயா என்று மறுதரப்பு கேட்கும். அவனுடைய தந்தை ஒருநாள் அழைத்துச் செல்லப்பட்டு, பதினோரு நாள் கழித்துத் திரும்பினார். அழைத்துச் சென்றவர் யார் என்பது வீட்டில் பேசப்படுவதில்லை. விரல்களைப் பற்றிக் கேட்டால், “அப்ப ஒடைஞ்சது” என்பார். ‘அப்ப’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அந்தப் பதினோரு நாளும் இருந்தன.

மே மாதத்தின் நடுவில் ஓரிரவு மின்சாரம் போய் வந்தது. தண்ணீர்த் தொட்டியின் மோட்டாரைப் போடச் சொல்வதற்காகத் தந்தை பின்னறையின் கதவைத் திறந்தார். திரையில் ஒருவன் வெட்டுண்டு சாய்ந்தான். முழங்கையிலிருந்து துண்டான கை ஒன்று புல்லின்மேல் உருண்டு நின்றது. மகன் காதுப்பொறி அணிந்திருந்ததால் கதவின் ஓசை கேட்கவில்லை. அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பது தெரியாது. அவன் திரும்பியபோது கதவு திறந்திருந்தது. நிலையில் யாரும் இல்லை. மறுநாள் காலை அவர் வழக்கம்போலவே பேசினார். இரவில் மட்டும் உணவுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அப்படி நான்கு இரவுகள்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் மனிதரின் எட்டு மெய்ப்பாடுகளையும் அவை பிறக்கும் இடங்களையும் நான்கு நான்காக வகுக்கிறது. விளையாட்டு அங்கே உவகைக்குரியது. செல்வம், அறிவு, காதலர் கூடல் ஆகியவற்றோடு அதற்கு இடம். தறுகண் எனப்படும் அஞ்சாமை பெருமிதத்துக்குரியது; கல்வி, புகழ், கொடை ஆகியவற்றோடு இருப்பது. உறுப்புகளை அறுத்தலும், குடிகளை நலிதலும், அடித்து வருத்துதலும், கொலையும் வெகுளிக்குரியவை. இலக்கணத்தில் இவை மூன்றும் மூன்று தனித்தனி அறைகள். திரையில் நடப்பதோ, வெகுளியின் அறையிலுள்ள பொருள்களை எடுத்து, தறுகண்ணின் உடையை உடுத்தி, உவகையின் அறையில் வைத்து ஆடுவது. ஆடுபவனுக்கு எந்த அறையில் இருக்கிறோம் என்பது தெரியும். அவன் எதிராளியும் வாளைச் சுழற்றி அதை ஒப்புக்கொண்டிருக்கிறான். கதவைத் திறந்து எட்டிப்பார்ப்பவருக்கு அந்தச் சுழற்சி காட்டப்படவில்லை. அவர் கண்டது உறுப்பறை மட்டுமே. அதிலும் அவர் வெகுளியின் அறைக்குள் பதினோரு நாள் இருந்துவந்தவர்.

மகன் விளையாட்டை அழித்துவிட எண்ணினான். அழிக்கும் விசை வரைக்கும் போனான். ஆனால் அழித்தால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் அந்தப் பதினோரு நாளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். பேச்சைத் தவிர்ப்பதில் அந்த வீட்டில் எல்லோரும் தேர்ந்தவர்கள். எனவே அவன் ஆடாமலும் அழிக்காமலும் நான்கு நாள் இருந்தான்.

ஐந்தாம் இரவு தந்தையே கதவைத் தட்டினார். தட்டிவிட்டு நின்றார். உள்ளே வரச் சொன்னபின் வந்து, தேங்காய் மூட்டையொன்றின்மேல் அமர்ந்தார்.

“அன்னிக்கு ஆடினியே, அதைப் போடு.”

அவன் தயங்கினான். பின்பு களத்துக்குள் நுழைந்தான். அவனைப் புறக்கணித்தவர்கள் அன்று அங்கு இல்லை. வேறு யார்யாரோ இருந்தனர். ஒருவன் எதிரே வந்து வாளைச் சுழற்றினான். இவனும் சுழற்றினான். தந்தை கேட்டார்:

“அது எதுக்கு?”

“வணக்கம் சொல்ற மாதிரிப்பா. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் சண்டை.”

“ஒத்துக்காட்டி?”

“அடிக்கக் கூடாது.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. போர் தொடங்கியது. இணைப்பு அன்று ஓரளவு நன்றாயிருந்தது. இரண்டு பொய்வீச்சு, ஒரு குத்து, ஒரே கோணத்தில் மோதிய இரு வீச்சுகள். கடைசியில் இவனுடைய வாள் முந்தியது. எதிராளி சாய்ந்தான். அறைக்குள் விசிறியின் ஓசை மட்டும் கேட்டது.

“ஏண்டா, உழுந்தவன் எந்திரிப்பானா?”

“எந்திரிப்பான்பா. பத்து எண்ணுறதுக்குள்ள.”

தந்தை எண்ணத் தொடங்கினார். வாய்விட்டு எண்ணவில்லை, உதடுகள் அசைந்தன. இடக்கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. ஐந்து முடிந்ததும் வலக்கைக்குப் போகாமல் மறுபடியும் இடக்கையிலிருந்தே தொடங்கினார். எட்டு என்று வந்தபோது களத்தின் மூலையில் அதே கவசம், அதே மேலாடை, முழுதாக இரு கைகள். அவன் நடந்து வந்து, இவன் எதிரே நின்று, தலைகுனிந்து வணங்கினான்.

“அப்ப செரி” என்றார் தந்தை.

அதன்பின் அவர் அவ்வப்போது வந்து அமர்வார். யார் வென்றார் என்று கேட்பதில்லை. விழுந்தவன் எழும்வரை எண்ணுவார். எழுந்ததும் மூட்டையிலிருந்து எழுந்து மோட்டாரைப் போடப் போவார். ஒருமுறை மட்டும், விழுந்தவன் இணைப்பு அறுந்து களத்தை விட்டே போய்விட்டான். இருபது வரை எண்ணியும் அவன் வரவில்லை. அவன் வீட்டில் மின்சாரம் போயிருக்கும் என்று மகன் இரண்டு முறை சொன்னான். தந்தை கொஞ்ச நேரம் அந்த வெற்றுப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதத்தில் வழிபாட்டுத் தலங்களைத் திறக்க அனுமதி வந்தது. பேருந்துகள் மெல்ல ஏறின. முதியவரின் பேரன் தோளைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தான். இளைஞன் பகலில் கடையில் நின்றான். ஒருநாள் மேட்டூரிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் இரண்டு தேங்காய் வாங்கிச் சில்லறைக்குக் கை நீட்டினார். தந்தை வழக்கமான தலையசைப்போடு இடக்கையை நீட்டினார். மகன் அதைப் பார்த்தான், எட்டி உதவவில்லை. காசு கை மாறியது. அம்மாள் கற்பூரத்தையும் கேட்டார்.

அன்றிரவு பின்னறையில், களத்துக்குள் நுழைந்ததும் அவன் செய்த முதல் காரியம், எவரையும் எதிர்பாராமல், வெட்டவெளியில் நின்று ஒருமுறை வாளைச் சுழற்றியது. பதில் வர 180 மில்லிநொடியாவது ஆகும். அவன் காத்திருந்தான்.